உண்ணாநோயும் உள்ளத்தின் மெய்ப்பாடுகளும்

உண்ணாதிருத்தல் என்னும் புறச்செயல் ஒன்றே. அதன்பின் நிற்கும் உள்ளங்கள் பல. நோன்பு மேற்கொண்டவன் உண்ணான். மானம் கெட வாழ விரும்பாதவன் உண்ணான். பிரிவால் நலிந்த தலைவியும் உண்ணாள். இல்லாமையால் வறியவனும் உண்ணான். இந்நால்வரையும் தமிழிலக்கியம் நன்கு அறியும். இவருள் ஒருவரோடும் முற்றும் ஒட்டாத ஐந்தாமவர் ஒருவர் உளர். அவர் மனையில் உணவு உண்டு; ஊட்ட விழையும் கையும் உண்டு; வயிற்றிற் பசியும் உண்டு; ஆயினும் அவர் உண்ணார். உண்ண வேண்டும் என்று அவரே எண்ணும் நேரத்தும் அவர் உள்ளத்துள் ஏதோ ஒன்று எழுந்து கையைத் தடுத்துவிடும். வேறு சிலர் அளவிறந்து உண்பர்; உண்டபின் தம்மைத் தாமே வெறுப்பர்.

இந்நிலையை ஒரு நோயென மேனாட்டு மருத்துவ நூலார் கண்டு பெயரிட்டு 150 ஆண்டுகளுக்கு மேலாயின. இதன் உடற்குறிகளை மருத்துவ நூல்கள் விரித்துரைக்கும். அவற்றைத் தொகுத்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. நோயுற்றார் தம் உள்ளத்துள் துய்க்கும் உணர்ச்சிகள் யாவை, அவற்றை நம் இலக்கண இலக்கிய மரபு வகுத்துத் தந்த சொற்களால் எந்த அளவிற்கு விளக்கமுறச் செய்யலாம் என்பதனை ஆராய்தலே ஈண்டு மேற்கொண்ட பணி. இவ்வாராய்ச்சி சொல்லளவில் நின்றுவிடுவதன்று. மனநோய்களுள் மிகுதியாக உயிர்கொள்ளும் நோய்களின் வரிசையில் உண்ணாநோய் வைத்து எண்ணப்படுகின்றது. இதனை நோன்பென்று புகழ்வதும், பிடிவாதமென்று கடிவதும், அழகு நாட்டமென்று எள்ளுவதும் ஓருயிரை இழத்தற்கு ஏதுவாகலாம். ஆதலின் பொருள் பிரித்தறிதல் இங்கு உயிர் காக்கும் செயலாகின்றது.

1. பெயரும் பொருளும்

மேனாட்டு நூல்கள் இந்நோயை ‘அனோரெக்சியா நெர்வோசா’ என வழங்கும். ‘அனோரெக்சியா’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு வேட்கையின்மை என்பது பொருள். மற்றையது நரம்பு பற்றி வந்த அடைமொழி. இலண்டன் மாநகரின் மருத்துவர் சர் வில்லியம் கல் 1873ஆம் ஆண்டில் இப்பெயரை வழங்கினார். அவ்வாண்டிலேயே பாரிசு நகரின் மருத்துவர் லாசேக் என்பாரும் இதே நோயைத் தனித்து ஆராய்ந்து எழுதினார். இவ்விருவர்க்கும் ஏறத்தாழ இரு நூற்றாண்டு முன்னரே, 1689இல், ரிச்சர்டு மார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் தோல் போர்த்த எலும்புக்கூடு போன்று மெலிந்த பதினெட்டாண்டு மங்கை ஒருத்தியைப் பற்றிக் குறித்துள்ளார். அவள் மெலிவிற்குக் காய்ச்சலோ இருமலோ காரணமாகக் காணப்படவில்லை. துயரமும் கவலையுமே காரணம் என அவர் கருதினார். மருந்துகளை வெறுத்து நீக்கிய அம்மங்கை சில திங்களில் இறந்தாள்.

‘வேட்கையின்மை’ என்னும் பெயர் நோயின் உண்மைக்குப் பொருந்துவதன்று. நோயுற்றார்க்குப் பசி இல்லாமற் போவதில்லை. பெரும்பாலார் இடையறாப் பசியோடு போராடிக்கொண்டே நாளைக் கழிக்கின்றனர். நாள் முழுதும் அவர் எண்ணுவது உணவையே. செருமானியர் இதனை ‘மாகர்சூக்ட்’ என்பர். மெலிவின்மேற் கொண்ட தீரா வேட்கை என்பது அதன் பொருள். வேட்கை இல்லை என்று கிரேக்கச் சொல் கூறும் இடத்தில், வேட்கை உண்டு, அது வேறொன்றன்மேற் சென்றது என்று செருமானியச் சொல் கூறுகின்றது. தமிழிற் ‘பசியின்மை’ என வழங்கினும் கிரேக்கப் பெயரின் குறையே நேரும். காய்ச்சலிற் படுத்தவனுக்குள்ளது பசியின்மை. இதுவோ பசி இருந்தும் உண்ணவொண்ணாமை. ஆதலின் ‘உண்ணாநோய்’ என்னும் பெயரையே இக்கட்டுரை மேற்கொள்கின்றது.

அடக்கமின்றிப் பேரளவு உண்டு, பின் அச்சத்தாலும் வெறுப்பாலும் உண்டதன் பயனை உடலினின்றும் போக்க முயலும் நிலையினை, கெரால்டு ரசல் என்னும் ஆங்கில மருத்துவர் 1979இல் ‘புலீமியா நெர்வோசா’ எனப் பெயரிட்டுத் தனி நோயாக விளக்கினார். ‘புலீமியா’ என்பது எருதின் பசி எனப் பொருள்படும் பழங்கிரேக்கச் சொல்லாகும். எருதைக் கொண்டு கிரேக்கர் குறித்த பெரும்பசியை யானையைக் கொண்டு குறித்தது தமிழ். மணிமேகலையில் வரும் ‘யானைத்தீ’ என்னும் நோயின் பெயர் அது. விலங்கின் பசி மாந்தன் வயிற்றிற் புகுந்தது என்னும் கருத்து இருமொழிக்கும் பொதுவாயிருத்தல் எண்ணத்தக்கது. தன் பசி தனதன்று, தன்னினும் பெரிய ஒன்று தன்னுள் புகுந்து ஆள்கின்றது என்னும் உணர்வை இப்பெயர்கள் ஒருங்கே புலப்படுத்துகின்றன.

2. உண்ணாமை நான்கும் உண்ணாநோயும்

தொடக்கத்திற் கூறிய நால்வருள் வறியவனை விடுத்து ஏனை மூவரையும் நோக்குவோம். நோயாளியோடு மயங்குதற்கு உரியவர் அம்மூவரே.

முதலாவது நோன்பு. செஞ்சிக்கு அண்மையிலுள்ள திருநாதர்குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவாகப் பொறித்த பழங்கல்வெட்டு ஒன்று உளது. நோன்பின் இயல்பை அச்சிறு கல்வெட்டே விளக்கும். அதற்கு ஒரு கொள்கை உண்டு. அக்கொள்கையை ஏற்ற கூட்டம் உண்டு. அதனை அறிந்து கல்லிற் பொறிப்பார் உண்டு. யாவரும் காண நிகழ்வது அது. இரண்டாவது மானம். பகைவர் சிறையில் நீர் வேண்டிக் காலந்தாழ்த்துப் பெற்ற சேரமான் கணைக்காலிரும்பொறை அதனைப் பருக மறுத்தமையும், மக்களோடு பகைநேர்ந்த கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தமையும் புறநானூறு கொண்டு நாம் அறிவன. சோழனோடு பிசிராந்தையாரும் வந்து வடக்கிருந்தார். உண்ணாமையிலும் நட்பிற்கு இடம் இருந்தது என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது. மூன்றாவது காதல். பசியைப் பொறுத்திருத்தல், உணவு குறைதல், உடல் மெலிதல், உறக்கம் நீங்கல் என்பவற்றைத் தொல்காப்பியர் தலைவியின் மெய்ப்பாடுகளுள் வைத்து ஓதினார். ஆயின் தலைவன் வருதலும் அம்மெலிவு நீங்கும்.

உண்ணாநோய் இம்மூன்றன் தோற்றத்தையும் மேற்கொள்ள வல்லது. நோன்பு போலத் தூய்மையும் அடக்கமும் பேசும். மானம் போல உறுதி காட்டும். காதல் போல உடலை உருக்கும். ஆயினும் ஒரு வேறுபாடு இவற்றைத் தெளிவாகப் பிரிக்கின்றது. நோன்பிக்கும் மானமுடையானுக்கும் தாம் மேற்கொண்டதன் எல்லை தெரியும். எதன்பொருட்டு உண்ணாமை என்பதும் தெரியும். நோயுற்றார்க்கோ எல்லை ஒன்று இல்லை. இன்று குறித்த எல்லையை எய்தியவுடன் நாளை அது போதாதாகிவிடும். தொடங்கியபோது தம் விருப்பம் எனத் தோன்றியது, சில திங்களில் தம்மை ஆளும் கட்டளையாக மாறிவிடும். நிறுத்த விழைந்தும் நிறுத்தவொண்ணாமையே நோய். விழைந்தார் விட இயலுமா என்னும் வினாவே நோன்பையும் நோயையும் வேறுபடுத்தும் உரைகல் எனலாம்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உடல் தசையை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்ற காரைக்காலம்மையாரையும், பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டிற் கடுநோன்பால் மெலிந்து 1380இல் முப்பத்து மூன்றாம் ஆண்டில் மறைந்த சியன்னா நகர்க் கேத்தரினையும் நோயாளரென இன்று உரைத்துவிடுதல் எளிது. உருடால்பு பெல் என்னும் வரலாற்றாசிரியர் 1985இல் வெளியிட்ட நூலில் இத்தாலியத் துறவுப் பெண்டிரின் நோன்பை இந்நோயோடு ஒப்பிட்டார். கரோலின் பைனம் 1987இல் எழுதிய நூலில், அக்காலப் பெண்டிர்க்கு உணவும் நோன்பும் சமயத்தாற் பெற்ற பொருளை விடுத்து இன்றைய நோயின் பெயரை அவர்மேல் ஏற்றுதல் பொருந்தாது என உணர்த்தினார். பின்னையதே கொள்ளத்தக்கது. பழையோரை நோயாளராக்குதல் எவ்வாறு பிழையோ, அவ்வாறே இன்றைய நோயாளரைத் தவத்தோராக்குதலும் பிழையாம்.

3. நோயின் மெய்ப்பாடுகள்

உள்ளத்து நிகழ்ச்சி ஆராயாமலே உடம்பின்வழிப் பிறர்க்குப் புலனாதல் மெய்ப்பாடு எனப்படும். தொல்காப்பியர் அவற்றை எட்டென வகுத்து, ஒவ்வொன்றும் நந்நான்கு பொருள்பற்றித் தோன்றும் என்றார். உண்ணாநோயின் உணர்ச்சிகளை அவ்வகைப்பாட்டில் வைத்து நோக்குவோம்.

நோயின் முதற்பருவத்துத் தோன்றுவது பெருமிதம். கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கும் அதன் நிலைக்களங்கள். அவற்றுள் தறுகண்மையும் புகழும் இங்குப் பொருந்துவன. பிறரெல்லாம் பசிக்குத் தோற்க, தான் மட்டும் வென்றதாக நோயுற்றாள் உணர்வாள். தன் வாழ்வில் வேறெதுவும் தன் கையில் இல்லை என்று எண்ணியிருந்தவட்கு, தன் உடல் ஒன்றேனும் தன் ஆணைக்கு அடங்கியது பெருங்களிப்பைத் தரும். மெலிவைக் கண்டோர் தொடக்கத்திற் புகழ்வதும் உண்டு. அமெரிக்காவில் இந்நோயை நெடிது ஆராய்ந்த ஹில்டே புரூக் என்னும் மருத்துவ அம்மையார், தம் செயல் எதற்கும் பயனில்லை என்னும் ஆழ்ந்த உணர்வே இந்நோயின் அடியில் உள்ளது என விளக்கினார். 1978இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் ‘பொற்கூண்டு’ என்பது. செல்வ மனையிற் பிறந்த ஒருத்தி, தான் அம்மனையின் சிறப்பிற்குத் தகாத எளிய குருவி எனவும், பொற்கூண்டில் அடைபட்டு விரும்பியதைச் செய்யும் உரிமை இழந்தவள் எனவும் உணர்ந்தமையால் வந்த பெயர் அது. அக்கூண்டினுள் அவள் தனக்கெனக் கண்ட ஒரே உரிமை உண்ண மறுத்தல். பசி பொறுத்தலை ஒரு வலிமையென வள்ளுவரும் உடன்படுவர். ஆயின் பிறர் பசியை மாற்றுவாரின் வலிமைக்கு அதனைப் பின்னதாகவே வைத்தார். பசிபொறுத்தல் தனக்குத் தானே பயனாகாது என்னும் அத்தெளிவே இந்நோய் மறைப்பது.

பெருமிதத்தைத் தொடர்ந்து வருவது அச்சம். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கும் அச்சத்திற்கு நிலைக்களம் என்பர். இவை நான்கும் புறத்தே நிற்பன. நோயுற்றார் அஞ்சுவதோ ஒரு பிடி சோற்றையும் தம் பசியையுமே. ஒருவாய் உண்டால் பின் நிறுத்தவொண்ணாது என்னும் அச்சம் சிலர்க்கு. உடல் பருத்துவிடும் என்னும் அச்சம் பலர்க்கு. உள்ளத்துள் ஒரு குரல் தம்மைக் கடிந்து ஆணையிடுவதாக நோயுற்றார் பலர் உரைத்துள்ளனர். உண்டால் அது பழிக்கும். உண்ணாவிடினும் இன்னும் குறைத்திருக்கலாம் என இடிக்கும். தவறு செய்த குடி ஒறுக்கும் இறைக்கு அஞ்சுவது போன்றதே இவ்வச்சம். இறை உள்ளத்துள்ளே இருத்தலின் அவர்க்கு ஓடி ஒளிய இடமில்லை.

எல்லா நோயுற்றாரும் பருமனுக்கு அஞ்சுவர் எனக் கொள்ளுதலும் தவறு. ஆங்காங்கு மருத்துவர் சிங் லீ என்பார், தம் நோயாளருட் பலர் பருமனச்சம் சிறிதும் கூறாது, வயிறு நிறைந்துள்ளது, உண்ண இயலவில்லை என்றே கூறினர் என்பதனை 1990களில் எழுதிக் காட்டினார். துன்பம் ஒன்றாயினும் அதனைச் சொல்லும் மொழி அவ்வந்நாட்டு வழக்கினின்று வருகின்றது என்பது இதனாற் பெறப்படும். மெலிவே அழகு என்னும் கொள்கை மட்டுமே இந்நோயைத் தோற்றுவிக்கவில்லை; எனினும் அக்கொள்கை நோய்க்கு ஏற்ற சொற்களைத் தந்து அதனை வளர்க்கின்றது.

மூன்றாவது மருட்கை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன வியப்பின் நிலைக்களங்கள். கண்ணாடியின்முன் நிற்கும் நோயுற்றாட்குச் சிறுமை பெருமையாகத் தோன்றுகின்றது. எலும்பு தெரிய மெலிந்த உடலைப் பருத்ததாகவே அவள் காண்கின்றாள். இது பொய் கூறுதலன்று, பிடிவாதமும் அன்று. புரூக் அம்மையார் 1962இல் எழுதிய கட்டுரையில், தன் உடலைப் பற்றிய உருக்காட்சி திரிபடைதலை இந்நோயின் முதன்மைக் கூறுகளுள் ஒன்றெனக் குறித்தார். பசி, களைப்பு முதலாகத் தன்னுள்ளே எழும் உணர்வுகளை இன்னதென அறியாமையும் அவர் கண்ட மற்றொரு கூறு. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து, முன்னுண்டது அற்றமையறிந்து, பசி மிகுந்தபின், அளவறிந்து உண்க என அறிவுறுத்தும். அற்றதையும் அளவையும் உள்ளிருந்து உரைக்கும் உணர்வு உண்டு என்பதனை அடிப்படையாகக் கொண்டது அவ்வறிவுரை. அவ்வுணர்வே கலங்கியோர்க்கு ‘அளவறிந்து உண்’ என்று கூறுதல், கண்ணொளி இழந்தார்க்கு வழி பார்த்து நடக்கச் சொல்லுதலை ஒக்கும்.

நான்காவது இளிவரல். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன பற்றி அது பிறக்கும். பிறர் தம்மை இழிவாக எண்ணுவதனினும் தாம் தம்மை இழிவாக எண்ணுதலே இங்கு மிகுதி. பேரளவு உண்டு வருந்துவோரிடத்து இது தெளிவாகப் புலனாகும். யாரும் அறியாத வேளையில், சுவையும் அறியாது விரைந்து உண்பர். உண்ணும்போது ஒருகணம் துயரெல்லாம் மறந்தது போன்றிருக்கும். உண்டபின் நாணமும் வெறுப்பும் பெருகும். இவருட் பலர் உடல் மெலியாதவர். ஆதலின் கண்டார் எவரும் நோயென ஐயுறார். பல்லாண்டு ஒரே மனையில் வாழ்ந்தோரும் அறியாது இருந்ததுண்டு. நோயை மறைத்தற்குக் கூறும் சிறு பொய்கள் மேலும் நாணத்தை வளர்க்க, நாணம் மேலும் மறைவைத் தேடுகின்றது. நண்பரோடு உண்ணுதலும் விழாவிற்குச் செல்லுதலும் ஒவ்வொன்றாகக் கைவிடப்படுகின்றன. மாந்தர் கூடி வாழ்தலின் பெரும்பகுதி கூடி உண்ணுதலே ஆதலின், உணவிற்கு அஞ்சியோர் உறவையும் இழக்கின்றனர்.

எஞ்சிய நான்கனுள் வெகுளியும் அழுகையும் உண்ணுமாறு பிறர் வற்புறுத்தும் நேரத்து எழுவன. நகையும் உவகையும் மெல்ல மறைகின்றன. இறுதியில் எட்டும் ஒடுங்கிய ஒரு வெறுமை வருகின்றது. அவ்வெறுமையையே சிலர் நோயின் பயனாகவும் கருதுவர். உண்ணாமை துயரத்தின் கூர்மையை மழுக்கிற்று என அவர் உரைப்பர். பொறுத்தற்கரிய துன்பத்திற்கு நோயே மருந்துபோல் அமைந்தமையால், அதனை விடுதல் ஒரு துணையை இழத்தல்போல் அவர்க்குத் தோன்றும். லாசேக் தம் நோயாளரிடத்துக் கண்டு வியந்த அமைதி இதுவே. தமக்கு ஒரு குறையும் இல்லை என அவர் மகிழ்ந்து கூறியதே அவருக்கு மிக்க கவலையைத் தந்தது.

4. உடல் உள்ளத்தை ஆளுதல்

மேற்கூறிய உணர்ச்சிகள் அனைத்தும் நோயுற்றாரின் இயல்பினின்றே பிறந்தன எனக் கருதுவோர்க்கு விடையாக அமைவது ஓர் ஆய்வு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 நவம்பர் முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீசு என்பார் அதனை நடத்தினார். போர்த்தொழிலை மறுத்த இளைஞர் 36 பேர் தாமே முன்வந்து அதற்கு உடன்பட்டனர். அனைவரும் உடலும் உள்ளமும் நலமுடையர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டோர். 24 வாரங்கள் அவர்க்கு உணவு குறைக்கப்பட்டது. உடல் எடையில் நான்கிலொரு பங்கு குறையுமாறு அளவு செய்யப்பட்டது.

அவர் உள்ளத்து நிகழ்ந்த மாற்றம் வியப்பிற்குரியது. உணவன்றி வேறெதிலும் அவர் எண்ணம் செல்லவில்லை. சமையல் நூல்களை விரும்பிப் படித்தனர். சிலர் அவற்றைத் தொகுத்தும் வைத்தனர். சிறிதளவு உணவைச் சிறு துண்டுகளாக்கி நெடுநேரம் உண்டனர். நகைச்சுவை மறைந்தது, சினமும் சோர்வும் மிகுந்தன, நண்பரைக் காண விரும்பாது ஒதுங்கினர். மீண்டும் உணவு தந்தபோது சிலர் நிறைவே அறியாது பேரளவு உண்டனர். உடல் தேறத் தொடங்கிய பின்னரும் உள்ளம் உடனே தேறவில்லை. 1950இல் இரு தொகுதிகளாக இவ்வாய்வு வெளிவந்தது.

இதனாற் பெறப்படுவன இரண்டு. ஒன்று, நோயுற்றாரிடம் நாம் காணும் விந்தைகளுட் பல அவரது குணத்தின் குற்றமல்ல, பட்டினியின் விளைவுகள். மற்றொன்று, பட்டினி உள்ளத்தை மாற்ற, மாறிய உள்ளம் பட்டினியை நீட்டிக்கின்றது. இச்சுழலினின்றும் மன உறுதி ஒன்றால் வெளிவருதல் அரிது. இந்நோயின் தோற்றத்தில் மரபுக்கூறுகளுக்கும் பங்குண்டு என்பதனை இரட்டையரைக் கொண்டு செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. 2019இல் வெளிவந்த ஆய்வொன்று மரபணுத் தொகுதியில் எட்டு இடங்கள் இந்நோயோடு தொடர்புடையன எனக் கண்டது. ஆடவர்க்கும் இந்நோய் உண்டு; மார்ட்டன் குறித்த இருவருள் ஒருவன் பதினாறாண்டு இளைஞன். ஆதலின் இது மகளிரின் ஒப்பனை விருப்பம் என்பது ஒருவாற்றானும் பொருந்தாது.

5. காயசண்டிகை

பெரும்பசியின் அகநிலையைத் தமிழிலக்கியம் ஒரு பாத்திரத்தின்வழிக் காட்டியுள்ளது. வித்தியாதரப் பெண் காயசண்டிகை கணவன் காஞ்சனனோடு பொதியில் காண வந்தாள். பன்னீராண்டிற்கு ஒருமுறை உண்ணும் விருச்சிக முனிவனுக்குரிய நாவற்கனியை ஓர் ஆற்றங்கரையில் அறியாது காலாற் சிதைத்தாள். தன்னைப்போற் பன்னீராண்டு பசிக்க என அவன் சபித்தான். அன்றுமுதல் யானைத்தீ அவளைப் பற்றியது. சேதுவை அடைத்த காலத்துக் குரங்குகள் எறிந்த மலைகளெல்லாம் கடலின் வயிற்றுட் புக்கொழிந்தாற்போல, உண்டதெல்லாம் அவள் வயிற்றில் மறைந்தன எனச் சாத்தனார் உவமிப்பார். காவிரிப்பூம்பட்டினத்து மக்கள் இரங்கி இட்டனர், இட்ட உணவு குறையன்று, நிறைவே குறை.

காயசண்டிகையின் யானைத்தீயை இன்றைய நோயென்று நாம் கூறவில்லை. அது சாபத்தால் வந்தது எனக் காப்பியமே கூறும். எனினும் அவள் வரலாற்றில் நாம் கற்பன மூன்று. முதலாவது, மணிமேகலை அமுதசுரபியினின்று இட்ட ஒருபிடி உணவு அப்பசியைத் தீர்த்தது. காரணம் வினவி, குற்றம் ஆராய்ந்து, பின் இட்டதன்று அது. பசி தீர்ந்தபின்னரே காயசண்டிகை தன் வரலாற்றைத் தானே உரைக்கின்றாள். இரண்டாவது, உரைத்தவள் அத்துடன் அமையாது, பசித்தோரும் நோயுற்றோரும் கூடும் உலகவறவியை மணிமேகலைக்குக் காட்டுகின்றாள். தான் பட்ட துன்பம் பிறர் துன்பத்தைக் காணும் கண்ணாயிற்று. மூன்றாவது, நோய் நீங்கி வான்வழிச் சென்றவள் மனையை அடையவில்லை. விந்தமலையைக் காக்கும் விந்தாகடிகை அவளை ஈர்த்து விழுங்கினாள். பசி நீங்கியதும் துன்பம் முடிந்தது எனக் கதை கூறவில்லை.

காஞ்சனனின் பிழையும் நம் பொருளுக்கு இன்றியமையாதது. ஆண்டுதோறும் இந்திரவிழாவின்போது வந்து மனைவியைக் கண்டு நாளெண்ணிய அன்புடையவன் அவன். ஆயினும் மணிமேகலை காயசண்டிகையின் உருக்கொண்டு நின்றபோது உருவையே கண்டான். உள்ளிருப்பார் வேறு என்பதனை அறிந்திலன். தன் மனைவியெனவே கொண்டு, உதயகுமரனை வாளால் எறிந்தான். அன்பு மிகுதியும் உண்டு, அறியாமையும் உண்டு. நோயுற்றாரின் மனையிலும் பெரும்பாலும் நிகழ்வது இதுவே.

6. வெறியாட்டும் தோழியும்

மகள் மெலிவதைக் கண்ட தாய், காரணம் அறியாது, வேலனை அழைத்துக் கழங்கு பார்ப்பதும் வெறியாடுவதும் அகத்திணை மரபு. நோய் உள்ளத்திலிருக்க, மருந்து புறத்தே தேடப்படுகின்றது. உண்ணாநோயிலும் வயிற்றுக்கு மருந்து, தெய்வத்திற்கு நேர்ச்சை, உறவினர் அறிவுரை என இவ்வாறே காலம் கழிகின்றது. குடும்பத்தார் மேற்கொள்ளும் வழிகள் இரண்டே, அவை இரத்தலும் அச்சுறுத்தலும் என்று லாசேக் எழுதினார். இரண்டும் பயன்படாதபோது உணவே மனையின் முழுப்பேச்சாகிவிடும். தாயின் கண்ணீரும் தந்தையின் சினமும் நோயுற்றாளின் பழியுணர்வை வளர்க்கும். பழியுணர்வு மீண்டும் உண்ணாமையை வளர்க்கும்.

அகப்பாட்டில் உண்மையை அறிந்தவள் தோழி. அவள் தலைவியைக் குற்றம் கூறுவதில்லை, தாயையும் பழிப்பதில்லை, உற்ற நேரத்தில் அறத்தொடு நின்று உண்மையை உரைக்கின்றாள். இந்நோய்க்கு வேண்டுவதும் அத்தகைய நிலையே. நோய் வேறு, நோயுற்றாள் வேறு எனப் பிரித்தறிதல் அதன் முதற்படி. இலண்டன் மாட்சிலி மருத்துவமனையில் 1980களில் உருவாகிய குடும்ப மருத்துவமுறை இவ்வடிப்படையில் அமைந்தது. பெற்றோரைக் குற்றவாளிகளாகக் கருதாது, மகளோடு சேர்ந்து நோயை எதிர்ப்பவராக அது ஆக்குகின்றது. இளையோரிடத்து அது நற்பயன் தருதல் கண்டறியப்பட்டுள்ளது. அளவிறந்து உண்ணும் நோய்க்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் ஆராய்ந்து திருத்தும் உளமருத்துவம் துணைபுரிகின்றது. தோழியின் அன்பு மருத்துவரின் இடத்தை நிரப்பாது என்பதனையும் மறத்தலாகாது. நெடிது பட்டினியிருந்த உடலுக்குத் திடீரெனப் பேரளவு உணவு ஊட்டுதலும் உயிர்க்கு ஏதமாம். மருத்துவர் காப்பிலேயே அது செய்யற்பாலது.

உடல் தேறிய அன்றே நோய் நீங்கிற்று என மகிழ்தல் பலரும் செய்யும் பிழை. உடல் தேறுங்கால் அச்சம் முன்னினும் மிகும். மழுங்கிய துயரங்கள் மீண்டும் கூர்மை பெறும். ‘உடம்பு தேறிவிட்டாய்’ என அன்பால் ஒருவர் கூறும் சொல்லும் நோயுற்றாள் செவியில் ‘பருத்துவிட்டாய்’ என விழும். அக்காலத்து அவளுக்குத் துணை முன்னினும் மிகுதியாக வேண்டும். தோற்றத்தைப் பற்றிய பேச்சை விடுத்து, அவள் நாள் எவ்வாறு கழிந்தது என வினவுதல் நன்று. நீண்ட காலம் நோயுற்றவரும் தேறி நல்வாழ்வு பெற்றுள்ளனர். நலம்பெறுதல் மெல்ல நிகழ்வது, ஆயினும் நிகழ்வது.

7. முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால், உண்ணாநோய் நோன்பும் மானமும் காதலும் போலத் தோன்றி அவற்றின் வேறாவது எனவும், விட விழைந்தும் விடவியலாமையே அதன் இலக்கணம் எனவும், பெருமிதத்திற் பிறந்து அச்சம், மருட்கை, இளிவரல் என வளர்ந்து எல்லா மெய்ப்பாடும் ஒடுங்கிய வெறுமையில் முடிவது அதன் போக்கு எனவும் கண்டோம். மெய்ப்பாடு என்பது உள்ளம் உடலில் வெளிப்படுதல். வேறு சொல் கிடையாத துன்பம் உடம்பையே சொல்லாகக் கொண்டு பேசுவது இந்நோய். அச்சொல்லைப் புகழாகவோ பழியாகவோ பொருள்கொள்ளாது, உரைப்பவளின் துன்பமாகவே பொருள்கொள்ளுதல் கேட்பாரின் கடன். உரை காண்பது புலவர் தொழில் எனில், உடலெழுதிய இவ்வுரையின் பொருளைப் பிழையின்றிக் காணுதலும் அத்தொழிலின் பாற்பட்டதேயாம்.